ஒரு பாட்டின் ஓசையையும் உணர்வையும் எப்படிப் பார்ப்பது? கோணமலைப் பாட்டொன்றோடு தொடங்குவோம்

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகள் தமிழ் இலக்கிய நயம் படிக்க வருவார்கள், ஓ.எல். பரீட்சை எடுக்கப் போகிறவர்கள். முதல் நாள் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் கொப்பியில் ஒரே விடைதான் இருக்கும்: "இப்பாடலில் எதுகை மோனை சிறப்பாக அமைந்து ஓசை நயத்தைத் தருகின்றன." பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த வயதில் அதையே எழுதிப் புள்ளி வாங்கியவன். ஆனால் இந்த வசனத்தை எந்த மரபுக் கவிதைக்குக் கீழேயும் எழுதிவிடலாம், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வசனம் கையில் இருக்கிற பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்.

இங்கே நான் சொல்லித்தரப் போவது ஒரு பழக்கம். ஓசையில் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடியுங்கள், பிறகு அந்த ஒழுங்கு எந்த இடத்தில் மாறுகிறது என்று தேடுங்கள், மாறுகிற இடத்தில் பொருளில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எதுகை, மோனை, அசை, சீர் எல்லாம் அந்த இடத்தைக் காட்டித்தருகிற கருவிகள், அவ்வளவுதான். யாப்பு என்றாலே பயந்து ஓடுகிறவர்களும் இப்படித் தொடங்கினால் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் வாய்விட்டு வாசியுங்கள்

பென்சில் எடுக்க முதல் பாட்டை இரண்டு மூன்று தரம் சத்தமாக வாசியுங்கள். வெட்கமாக இருந்தால் போனில் பதிவு செய்து பிறகு கேளுங்கள், அது இன்னும் நல்லது, வாசிக்கும்போது கவனிக்காத தடுமாற்றங்கள் கேட்கும்போது தெரியும். எங்கே மூச்சு தானாக நின்றது, எங்கே நாக்கு இடறியது, எந்தச் சொல்லில் குரல் ஏறியது என்று ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். அர்த்தம் முழுக்க விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

ஓசை இலக்கணப் புத்தகத்தில் பிறந்தது என்று நினைக்காதீர்கள். கரைவலை இழுப்பதை ஒரு தரம் நின்று பாருங்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று சேர்ந்து இழுப்பார்கள், அதுதான் அம்பாப் பாட்டு. கயிறு கைக்கு வருகிற நேரமும் பாட்டில் அழுத்தம் விழுகிற நேரமும் ஒன்றாக இருக்கும், வலையின் மடி கரைக்குக் கிட்ட வர வர பாட்டும் வேகமாகும். அங்கே சீர் என்பது ஒரு இழுப்பு. இதை ஒரு தரம் கண்ணால் பார்த்தவருக்கு "சீர் என்றால் என்ன" என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

எழுத்தை எண்ணி அசை பிரித்தல்

எழுத்துகள் சேர்ந்து அசை, அசைகள் சேர்ந்து சீர், சீர்கள் சேர்ந்து அடி. விதிகள் கொஞ்சம்தான். இப்படி நினைவில் வையுங்கள்: நெடில் தனியாக நிற்கும், அது நேரசை. குறிலுக்குப் பிறகு உடனே புள்ளி வைத்த எழுத்து வந்தால் அங்கேயே முடிந்துவிடும், அதுவும் நேர். குறிலுக்குப் பிறகு புள்ளியில்லாத எழுத்து வந்தால், அது குறிலோ நெடிலோ, இரண்டும் சேர்ந்து நிரையசை. நேரோ நிரையோ, முடிகிற இடத்தில் புள்ளி எழுத்து இருந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கணக்குக் கிடையாது. சீரின் கடைசியில் ஒரு குறில் துணையில்லாமல் மிஞ்சினால் அது நேர். ஐகாரம் முதலில் தனியே வந்தால் நெடில் போல நேர் (கை), குறிலுக்குப் பின்னால் வந்தால் சேர்ந்து நிரை (வலை).

இதைப் பழகுவதற்காக ஒரு குறள் வெண்பா எழுதினேன், உங்கள் கொப்பியில் எடுத்துக்கொள்ளுங்கள்:

வலையிழுக்கும் கையின் வடுப்பார்த்து நிற்கும்
அலைக்கும் தெரியும் அலுப்பு.

வலை, யிழுக், கும் என்று பிரித்தால் நிரை நிரை நேர். கை, யின் என்றால் நேர் நேர். வடுப், பார்த், து: நிரை நேர் நேர். நிற், கும்: நேர் நேர். இரண்டாம் அடியில் அலைக், கும் என்பதும் தெரி, யும் என்பதும் நிரை நேர்.

இவற்றுக்குப் பெயர்கள் உண்டு, பெயரிலேயே விடையும் உண்டு. தேமா என்ற சொல்லை அசை பிரித்தால் நேர் நேர், புளிமா நிரை நேர், கூவிளம் நேர் நிரை, கருவிளம் நிரை நிரை. மூன்று அசை வந்து கடைசி நேராக இருந்தால் காய், நிரையாக இருந்தால் கனி. ஆக வலையிழுக்கும் என்பது கருவிளங்காய், கையின் தேமா, வடுப்பார்த்து புளிமாங்காய். கடைசிச் சீர் அலுப்பு, அது பிறப்பு என்ற வாய்பாடு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒன்றாகத்தான் முடியும்.

தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு கைகோர்க்கிற விதம். வெண்பாவில் மாச்சீர் வந்தால் அடுத்தது நிரையில் தொடங்கவேண்டும், விளமோ காயோ வந்தால் நேரில் தொடங்கவேண்டும். மேலே உள்ள ஏழு சீரையும் நீங்களே ஒட்டிப் பாருங்கள், எங்கும் உடையாது. ஒரு வெண்பாவில் தளை தட்டுகிறது என்று உங்களுக்குத் தோன்றினால் கவிஞரைச் சந்தேகிக்க முதல் உங்கள் அசைப் பிரிப்பை இன்னொரு தரம் பாருங்கள், பத்தில் ஒன்பது தரம் பிழை அங்கேதான் இருக்கும்.

சரி, இவ்வளவும் பிரித்து என்ன கண்டோம்? முதலடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்றுதான். வலையிழுக்கும், வடுப்பார்த்து என்று நீளமான காய்ச்சீர்கள் முதலடியில் இருக்கின்றன, க், த், ற் என்று வல்லெழுத்துகள் இடிபட இடிபட வாசிக்கவேண்டியிருக்கிறது, இழுக்கிற பாரம் அங்கே கேட்கிறது. இரண்டாம் அடியில் எல்லாம் சின்னச் சீர்கள், ஓசை இளகுகிறது. கடைசியில் அலுப்பு என்ற சொல்லில் உகரம் முழுதாக ஒலிக்காமல் குறுகி நிற்கிறது, மூச்சுப் போதாமல் நிறுத்தியது மாதிரி. "இது குறள் வெண்பா, அதற்குரிய ஓசை செப்பலோசை" என்று எழுதுவதோடு இந்த மாதிரி ஒரு கவனிப்பும் சேர்ந்தால்தான் யாப்பைப் பார்த்த பயன் கிடைக்கும்.

எதுகையும் மோனையும் எங்கே விழுகின்றன?

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறில் என்றால் எல்லாம் குறில். வலை, அலை என்பதில் லை ஒன்றுகிறது. மோனை முதல் எழுத்து ஒன்றுவது. வலையிழுக்கும், வடுப்பார்த்து என்று முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் வந்தால் பொழிப்பு மோனை. ஒன்றிலும் இரண்டிலும் வந்தால் இணை, ஒன்றிலும் நாலிலும் வந்தால் ஒரூஉ. பெயர்களைப் பாடமாக்குவது பரீட்சைக்கு உதவும், ஆனால் இட எண்ணைக் குறித்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

புதியவர்கள் தவறவிடுவது இன எழுத்து மோனையை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ இன்னொன்று. மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் உறவு. ஆகவே கு என்பதற்கு கோ மோனையாக வரும், ஆனால் கி வராது. இயைபு அடிகளின் இறுதி ஒத்து வருவது, சினிமாப் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது தானாகவே தெரியும், அதனால் விட்டுவிட்டுப் போகிறேன்.

ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லை மாற்றிப் பாருங்கள். அலுப்பு என்ற இடத்தில் களைப்பு என்று போட்டால் அதே அசைதான், தளை கெடாது, பொருளும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அலை, அலுப்பு என்ற மோனை போய்விடுகிறது. மோனை இருந்தபோது அலுப்பு அலையின் சொந்தச் சொல்லாக, அலையிலிருந்தே பிறந்ததாகக் கேட்டது. களைப்பு என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதாக இருக்கிறது. மோனை "அழகுக்காக" வருகிறது என்று சொல்வதைவிட, இரண்டு சொற்களை உறவாக்குகிறது என்று சொல்வது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

இனி ஒரு பெரிய பாட்டு

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் காதில் விழுந்த பாட்டு இது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தின் முதற் பாட்டு, மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை.

நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும் நிமலர்நீ றணிதிரு மேனி
வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர் கொடியணி விடையர்
கரைகெழு சந்துங் காரகிற் பிளவு மளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே.

முதலில் ஒரு எச்சரிக்கை. கழல் அரவம், சிலம்பு ஒலி, பிளவும் அளப்பரும் என்று விளங்குவதற்காகப் பதம் பிரித்துப் போட்ட பதிப்புகள் நிறைய உண்டு. பொருள் பார்க்க அது நல்லது, ஆனால் அதை வைத்துச் சீர் எண்ணினால் கணக்குக் குழம்பும். அசை பிரிக்கச் சீர் பிரித்த பதிப்புத்தான் வேண்டும், மேலே இருப்பது அப்படிப்பட்டது.

அடிக்கு ஏழு சீர், எழுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். இரண்டாம் அடியை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன்: வரைகெழு கருவிளம், மகளோர் புளிமா, பாகமாப் கூவிளம், புணர்ந்த புளிமா, வடிவினர் கருவிளம், கொடியணி கருவிளம், விடையர் புளிமா. அதாவது விளம் மா விளம் மா, பிறகு விளம் விளம் மா. மற்ற அடிகளும் இதே அச்சுத்தான், முதலடியின் ஐந்தாம் சீர் நிமலர்நீ மட்டும் விளம் வரும் இடத்தில் காயாக வருகிறது. விருத்தத்தில் இப்படி அங்கங்கே வரும், பதற வேண்டாம்.

இப்போது வாய்விட்டு வாசியுங்கள். நாலு சீர் முடிந்த இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும், பிறகு மூன்று சீர் ஓடும். முதல் பாதியில் விளமும் மாவும் மாறி மாறி ஏறி இறங்க, இரண்டாம் பாதியில் இரண்டு விளம் தொடர்ந்து வந்து உயர்ந்து மாவில் விழுகிறது. எனக்கு இது அலை நடக்கிற நடையாகக் கேட்கிறது. மார்கழியில், வாடைக்காற்று வீசுகிற நாளில் சுவாமி மலையின் விளிம்பில் நின்று கீழே பாறையில் கடல் மோதுவதைக் கேட்டவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள். சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமலையைப் பாடினார் என்பது மரபு, அதை நினைத்துக்கொண்டு இந்த ஓசையைக் கேட்டால் இன்னும் ஒரு படி நெகிழ்வாக இருக்கிறது.

எதுகை கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: நிரை, வரை, கரை, குரை. மோனையைத்தான் பொறுமையாகப் பார்க்கவேண்டும். முதலடியில் நிரை, நிமலர், ஒன்றிலும் ஐந்திலும். இரண்டாமடியில் வரை, வடிவினர், அதே ஒன்றும் ஐந்தும். நாலாமடியில் குரை, கோணமா, மறுபடியும் ஒன்றும் ஐந்தும். நீளமான அடியின் இரண்டாம் பாதி தொடங்குகிற இடத்தை ஐந்தாம் சீரின் மோனை கதவு தட்டிச் சொல்கிறது. ஒழுங்கு கிடைத்துவிட்டது. அப்படியானால் மூன்றாம் அடி?

மூன்றாம் அடியின் ஐந்தாம் சீர் மளப்பருங். கரை என்பதற்கு அது மோனை ஆகாது. காரகில் என்று மூன்றாம் சீரில் மோனை முந்திக்கொள்கிறது, பிறகு ஆறாம் சீரில் கனமணியில் மறுபடி கிடைக்கிறது. வழக்கமான இடத்தில் கதவு தட்டப்படாமல் அந்த அடி நிற்காமல் ஓடுகிறது. பொருளைப் பாருங்கள், கடல் சந்தனத்தையும் அகில் துண்டுகளையும் அளவில்லாத மணிகளையும் வாரிக்கொண்டு வருகிற அடி அது, ஐந்தாம் சீரில் இருக்கிற சொல்லே "அளப்பரும்". முதல் இரண்டு அடியும் திருமேனி, வடிவினர், விடையர் என்று பெயர்களை அடுக்கி அங்கங்கே நிற்க, மூன்றாமடி வரன்றி என்று வினையெச்சத்தில் முடிந்து, அதாவது முடியாமல், நாலாமடிக்குள் பாய்கிறது. இரண்டடியும் சேர்ந்து ஒரே அலை. கவிஞர் எண்ணித்தான் செய்தாரா என்ற கேள்விக்குள் நாங்கள் போகத் தேவையில்லை, காதில் நடப்பதைச் சொன்னால் போதும்.

இன்னும் இரண்டு இடங்கள். சிலம்பு, அலம்பும்: லம் என்ற எழுத்துகள் ஒரே அடிக்குள் எதிரொலிக்கின்றன. கழல் ஆண் அணிவது, சிலம்பு பெண் அணிவது. ஒரு பாகம் உமை என்பதை இரண்டாமடி சொல்வதற்கு முன்பே முதலடியில் இரண்டு கால்களின் சத்தமும் கேட்டுவிடுகிறது. அடுத்தது கொழிக்கும். அரிசியைச் சுளகில் போட்டுக் கொழிப்பதைப் பார்த்திருப்பீர்கள், கல்லும் குறுநொய்யும் ஒரு பக்கம் ஒதுங்கும். கடல் முத்தைக் கரையில் கொழிக்கிறது. மாற்றுச் சோதனை செய்யுங்கள்: நித்தில மொதுக்கும் என்றால் சீர் கெடாது. ஆனால் குரை, கொழிக்கும், கோணமா என்ற ககர வரிசை அறுந்துபோகும், சுளகும் கையை விட்டுப் போய்விடும்.

உணர்வுக்குப் பெயர் வைப்பது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். "சோகம்", "மகிழ்ச்சி" இரண்டே பெட்டிதான் கையில். தொல்காப்பியம் 8 மெய்ப்பாடு தருகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதைவிடப் பயனுள்ள விசயம், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணங்களும் அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே நேரே உணர்வைத் தேடாமல் காரணத்தைத் தேடுங்கள், பாட்டுக்குள் அது சொல்லாகவே இருக்கும்.

மேலே உள்ள வலைக் குறளைப் பாருங்கள். சோகம் என்று எழுதத் தோன்றும். ஆனால் அழுகைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவரலுக்குச் சொல்லப்பட்டவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வருத்தம் என்றால் உழைத்து நோவது. கையில் வடு, கடைசியில் அலுப்பு. யாரும் சாகவில்லை, எதுவும் இழக்கப்படவில்லை, உடம்பு ஓய்ந்திருக்கிறது. ஆகவே இளிவரல்தான் பொருந்துகிறது. இளிவரல் என்றால் அருவருப்பு மட்டும் என்று சொல்லித்தரப்பட்டவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

கோணமலைப் பாட்டில் மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் அது பிறக்கும் என்பது இலக்கணம். அளப்பரும், கனமணி என்பவை பெருமை. சந்தனமும் அகிலும் முத்தும் ஒன்றாகக் கரைக்கு வருவது ஆக்கம். ஓசையின் ஒழுங்கு மாறிய அதே மூன்றாம் அடியில் மெய்ப்பாட்டின் காரணமும் நிற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் உங்கள் வாசிப்பு சரியான வழியில் போகிறது என்று நம்பலாம்.

யாப்பில்லாத கவிதைக்கு?

அதே பழக்கம்தான். ஒரு சின்ன உதாரணம் எழுதுகிறேன்:

மழை விட்ட பிறகு
கோட்டைப் புல்லில்
மான்கள்.
யாரும் சுடாத
ஒரு மாலை.

சீர் எண்ணத் தேவையில்லை, வரி முறிகிற இடத்தை எண்ணுங்கள். மான்கள் என்ற சொல் தனியே ஒரு வரி, அதோடு ஒரு முற்றுப்புள்ளி, அங்கே கண்ணும் மூச்சும் நிற்கின்றன. மழை, மான்கள், மாலை என்று மோனை மெல்லிய நூலாக ஓடுகிறது. அந்த நூலுக்குள் வராத சொல் "சுடாத". எதிர்மறைச் சொல்லை எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள், இல்லை என்று சொல்லிக்கொண்டே அது அந்தப் பொருளை உள்ளே கொண்டுவந்துவிடும். துப்பாக்கிச் சூடு நடந்த மாலைகள் இருந்தன என்பது அந்த ஒரு சொல்லில்தான் தெரிகிறது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் மேய்வதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் வெளியூர் வாசகருக்கு விளக்க உங்களுக்கு ஒரு சொல் போதும். மெய்ப்பாடு? பிற்காலத்தார் சேர்த்த ஒன்பதாவதான சாந்தம் என்பேன், அடியில் அச்சம் படிந்த சாந்தம். கலப்பு என்று எழுதத் தயங்காதீர்கள், எது மேலே, எது கீழே என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நாட்டார் கவிகளையும் இப்படிப் பார்க்கலாம். நாலடிதான், கையாளச் சுலபம், பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைத்தால் இரட்டிப்புப் பயன்.

எழுதும்போது

ஒவ்வொரு வசனத்திலும் பாட்டிலிருந்து ஒரு சொல்லாவது இருக்கவேண்டும், இதை மட்டும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுகை என்று ஒரு பந்தி, மோனை என்று ஒரு பந்தி, உணர்வு என்று ஒரு பந்தி பிரிக்க வேண்டாம். மாறுகிற இடத்தை நடுவில் வைத்து எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எழுதியதைப் போல ஒன்று:

"நிரை, நிமலர் என்றும் வரை, வடிவினர் என்றும் ஒன்றாம் ஐந்தாம் சீர்களில் விழுந்த மோனை, கடல் வாரிவரும் மூன்றாம் அடியில் அந்த இடத்தில் விழவில்லை. அளப்பரும் என்ற சொல்லில் அடி நிற்காமல் ஓடி, வரன்றி என்ற எச்சத்தால் அடுத்த அடிக்குள் புகுகிறது. கனமணி என்ற செல்வத்தின் பெருமை தருகிற மருட்கையை இந்த ஓட்டத்திலேயே கேட்கிறோம்."

மூன்று வசனம். பெயர்கள் மோனை, எச்சம், மருட்கை என்று மூன்றுதான் வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது.

இனி நீங்கள் தனியே செய்து பார்க்க, அதே பதிகத்தின் இரண்டாம் பாட்டை எடுங்கள், "கடிதென வந்த கரிதனை" என்று தொடங்குவது. அங்கேயும் இதே கடல், இதே நித்திலம், இதே கோணமா மலை. ஆனால் பாய்ந்து வருகிற யானையோடு பாட்டுத் தொடங்குகிறது, முதற் பாட்டில் கொழித்த கடல் இங்கே "கொடிதெனக் கதறும்" கடலாக இருக்கிறது. அச்சத்துக்கு விலங்கும் ஒரு காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் சீரில் மோனை எந்த அடியில் விழுகிறது, எந்த அடியில் விழவில்லை என்று முதலில் குறியுங்கள். பிறகு அது மருட்கையா, அச்சமா என்று முடிவெடுங்கள்.